ஏழாவது மூடி

அக்டோபர் 3, ஒசாகா

தினமும் ஒரு பக்கம் அறிக்கை எழுதித் தர வேண்டும் என்று என் துணிகளைக் காட்சிக்கு வைக்க அழைத்த அருங்காட்சியகத்தின் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன். நன்றி, மகிழ்ச்சி, மரியாதை. இது வேறு நோட்டு. இங்கே தமிழ் தெரிந்தவன் ஐசக் ஒருவன்தான். அவன் இதைத் தொட்டால் கையை உடைப்பேன்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பிவிசி குழாயைத் திறக்கச் சொன்னார். உள்ளே சுருட்டி வைத்த பதினொரு காடாத்துணிகள். ஒன்றை மேஜைமேல் விரித்தார். கறுப்பு வட்டம், கட்டம் கட்டமாகக் கோடுகள், ஓரத்தில் வார்ப்புப் பட்டறையின் பெயர் தேய்ந்துபோய்.

"என்ன இது?"

"சாக்கடை மூடி. சென்னை."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. கைபேசியை எடுத்துத் தன் ஊர் மூடியைக் காட்டினார். நீலக் கடல், சிவப்பு ஆக்டோபஸ், அதன் தலையில் தொப்பி. இந்த நாட்டில் சாக்கடை மூடிக்கு ரசிகர்கள் உண்டு என்று படித்தபோது நம்பவில்லை.

வெளியே ஐசக் பொன்ராஜ் என் பெயர் எழுதிய அட்டையோடு நின்றான். நாசரேத்துக்காரன். ஆறு வருடமாக இங்கே மென்பொருள் வேலை. அருங்காட்சியகம் மொழிபெயர்க்க ஆள் தேடியபோது, விடுப்பு நிறையக் கிடக்கிறது, சும்மாவே வருகிறேன் என்று ஒத்துக்கொண்டவன்.

"ஏ பிள்ள, நீதான் ஜான்சிராணியா? வாளோட வருவேன்னு பாத்தா பைப்போட வந்திருக்க. பிளம்பர் வேலையா?"

"ஆமா. உன் வாய்தான் ஒயுவுதுன்னு சொன்னாங்கோ. அத்த அடைக்க வந்தேன்."

சிரித்தான். பிழைத்துக்கொள்வான்.

எங்கள் குடியிருப்பில் விமானம் ஏறிய முதல் ஆள் நான். வந்து சேர்ந்ததை அப்பாவுக்குச் செய்தியாக அனுப்பினேன். அவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. பகலில் கேட்டில் உட்கார்ந்து பேசினால் குடியிருப்போர் சங்கத்தலைவருக்குப் பிடிக்காதாம். ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினார்.

அக்டோபர் 4

அருங்காட்சியகம் முன்பு இரும்பு வார்ப்புப் பட்டறையாக இருந்திருக்கிறது. இப்போது உள்ளே முந்நூறு மூடிகள். ஊருக்கு ஒரு மூடி. செர்ரிப் பூ, கோட்டை, மீன், பூனை, தீயணைப்பு வீரன். ஒவ்வொன்றும் தட்டில் வைத்துப் பரிமாறலாம் போலச் சுத்தம். என் துணிகளுக்கு ஒதுக்கியிருந்த இடம் நுழைவாயிலுக்குப் பக்கத்து மூலை. "உலக மூடிகள்" என்று பலூன் படத்தோடு பலகை. பக்கத்தில் மூடி வடிவ பிஸ்கட் விற்கிறார்கள்.

பொறுப்பாளர் ஹொரிகவா அம்மையார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் என் துணியைத் தொட்டார். மூடிமேல் துணியை விரித்துப் பூட் பாலிஷால் தேய்த்து எடுத்தது என்றதும் குனிந்து முகர்ந்து பார்த்தார். பிடித்தது.

நான் நேராகச் சொல்லிவிட்டேன்.

"ஐசக், அவங்க கிட்ட சொல்லு. இது மூடி சேகரிப்பு இல்ல. பதினொண்ணும் பதினோரு ஆளு. இந்த மூடியத் தொறந்து உள்ள எறங்கி, உசுரோட வெளிய வராதவங்க. அதனாலதான் அந்த மூடிய மட்டும் எடுத்தேன்."

ஐசக் என்னைப் பார்த்தான். "இத ஃபார்ம்ல எழுதலியா நீ?"

"எழுதியிருந்தா கூப்ட்டிருப்பாங்களா?"

அவன் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அழுவார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஹொரிகவா கையுறையைக் கழற்றினார். ஒரு பென்சிலை எடுத்தார். எதையோ கேட்டார்.

"ஒவ்வொருத்தருக்கும் ஆதாரம் இருக்கான்னு கேக்காவ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. செத்தவனுக்கு ஆதாரமா? ஐசக் கையமர்த்திவிட்டு விளக்கினான். இந்தச் சுவரில் ஏறும் எல்லாவற்றுக்கும் விவர அட்டை உண்டு. இடம், வருடம், பொருள், விளக்கம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: இந்த விளக்கத்தை யார் சொன்னது. காகிதமோ ஆளோ, ஏதோ ஒன்று. ஆக்டோபஸ் தொப்பிக்குக்கூட இருக்கிறது. போய்ப் பார்த்தேன். வரைந்தவரின் பெயரும் அவர் கடிதம் எழுதிய தேதியும் இருந்தன.

ஐசக் மொழிபெயர்ப்பதால் ஹொரிகவா அம்மையார் நாசரேத் தமிழ் பேசுவதாகவே என் காதில் விழுகிறது. அதுவே பாதிக் கோபத்தைக் குறைத்துவிடுகிறது.

மாலையில் போகும்போது அவர் பலூன் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தார். என் பதினொன்றும் இனிக் கடைசி மண்டபத்து நீளச் சுவரில். அங்கே வேறு எதுவும் இருக்காது. பத்தொன்பதாம் தேதி திறப்பு. அட்டைகள் அச்சுக்குப் போவது பதினேழு காலை.

முழுச் சுவர். என் பெயரில்.

அக்டோபர் 5

நூடுல்ஸ் அருங்காட்சியகம். உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்த மனிதர் வேலை செய்த கொட்டகையை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். சட்டி, கரண்டி, தரையில் கிடக்கும் மாவு மூட்டை. குழந்தைகள் எட்டிப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். கையால் வேலை செய்த ஒருவனின் கொட்டகைக்கு இவ்வளவு மரியாதை! எங்கள் ஊரில் அறிஞரின் நாற்காலியை வைப்பார்கள். சட்டியை வைக்க மாட்டார்கள்.

எனக்கென்று ஒரு கோப்பை நூடுல்ஸ் செய்து தந்தார்கள். உப்பு போதவில்லை.

அக்டோபர் 6

காகிதங்களை விரித்து உட்கார்ந்தோம். நான்கு வருடம் சேர்த்தவை. செய்தித்தாள் துண்டுகள், பிரேதப் பரிசோதனை அறிக்கைகள், காவல் நிலையக் காகிதங்களின் நகல், வழக்கறிஞர் ஒருவர் கொடுத்த மனுக்கள். ஒவ்வொரு மூடிக்கும் ஒரு பெயர். சின்னப்பன். வீரராகவலு. அண்ணன் தம்பியான மோசஸ், ஆபிரகாம், இருவருக்கும் எதிரெதிர் மூடி. ஹொரிகவா ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். ழகரம் வரும் பெயரில் திணறினார். விடவில்லை.

பத்து முடிந்தது. ஏழாவதில் நின்றோம். கோதண்டம். கொடுங்கையூர்ப் பக்கம், ஒரு குறுக்குத் தெரு. எட்டு வருடத்துக்கு முந்திய ஜூன் மாதம்.

என் விளக்கம்: "உள்ளே மயங்கி விழுந்த சக தொழிலாளியைக் காப்பாற்ற இறங்கி உயிரிழந்தார்."

காவல் நிலையக் காகிதம்: "குடிபோதையில் திறந்திருந்த குழியில் தவறி விழுந்து இறந்தார்."

"ரெண்டும் வேற வேறயா இருக்கேன்னு கேக்காவ."

"காகிதம் பொய். ஒப்பந்தக்காரன் எழுத வெச்சது."

"அது எப்படித் தெரியும்னு கேக்காவ."

"எல்லாருக்கும் தெரியும்."

ஹொரிகவா தலையசைத்துவிட்டு, கோபமே இல்லாமல் ஒன்று சொன்னார். ஐசக் கொஞ்சம் தயங்கினான்.

"எல்லாரும்ங்கிறவரோட கையெழுத்து வேணுமாம்."

இந்தப் பெண்மணி எங்கள் ஊரில் காவல் துறையில் இருந்திருக்க வேண்டும். அல்லது வேண்டாம். இரண்டே நாளில் மாற்றியிருப்பார்கள்.

அக்டோபர் 7

திங்கள். விடுமுறை. துணி துவைத்தேன்.

அக்டோபர் 8, கோபே

ஒரு பழைய கிடங்கில் கண்காட்சி. தெருவில் தொலைந்துபோன ஒற்றைக் கையுறைகள். நூற்று எண்பது. எங்கே கிடந்தது, எந்த நாள், யார் எடுத்தது எல்லாம் அட்டையில். மழலையர் பள்ளிக் குழந்தையின் பச்சைக் கையுறை ஒன்று. அதன் கட்டைவிரலில் ஓட்டை.

ஐசக்குக்கு மிகவும் பிடித்துவிட்டது. "எவ்வளவு பொறுமை பாரு. ஒத்தக் கையுறைக்கு."

"எங்க ஊர்ல கையுறையே குடுக்கல. அதனால தொலையவும் இல்ல."

"எதப் பாத்தாலும் அங்கனயே போய் நிப்பியா நீ?"

"நீ எங்கியாவது நின்னிருக்கியா?"

ரயிலில் பேசவில்லை. இறங்கும்போது ஒரு சோற்று உருண்டையை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். பசி.

அக்டோபர் 9, டோக்கியோ

ஒட்டுண்ணிகளின் அருங்காட்சியகம். அனுமதி இலவசம். ஒரு மனிதனின் வயிற்றிலிருந்து எடுத்த நாடாப்புழு, எட்டு மீட்டர் எண்பது. மடித்து மடித்துக் கண்ணாடிக்குள். பக்கத்தில் அதே நீளத்துக்கு ஒரு நாடா தொங்குகிறது. காதலர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மனிதன் எந்த மீனைத் தின்றான் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

புழுவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறார்கள். நான் அவ்வளவுதான் கேட்கிறேன்.

அக்டோபர் 10, டோக்கியோ

மேற்குப் புறநகரில் சாக்கடை அருங்காட்சியகம். பூமிக்குக் கீழே இருபத்தைந்து மீட்டர். மாடி மாடியாக இறங்கினால் கடைசியில் ஓர் இரும்புக் கதவு. அதைத் திறந்தால் ஓடிக்கொண்டிருக்கும் உண்மையான குழாய். கைப்பிடி போட்ட மேடையில் நின்று பார்க்கலாம். மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிக் குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூச்சலிட்டுச் சிரித்தார்கள்.

வழிகாட்டி, நகராட்சியில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் காற்றை அளக்கும் கருவி. குழிமேல் நிறுத்தும் முக்காலி, கயிறு, மார்புப் பட்டை, மேலே இருந்து இழுக்கும் சக்கரம் எல்லாம் காட்டினார். ஒன்று தெரியுமா, அவர் சொன்ன எதுவும் எனக்குப் புதிதில்லை. இறங்கும் குழிக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் உள்ள அடுத்த மூடிகளைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஆபத்து, நாற்றம் திடீரென்று நின்றால் அதைவிட ஆபத்து. ஐசக் மொழிபெயர்ப்பதற்கு முன்பே நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வழிகாட்டி என்னைப் பொறியாளர் என்று நினைத்துவிட்டார். மறுக்கவில்லை. இந்த ஒரு பாடத்தில் எவனுக்கும் நான் குறைந்தவள் இல்லை.

குனிந்து சுவரோரம் பார்த்தேன்.

"என்ன பிள்ள தேடுத?"

"கரப்பான்."

"அத நம்ம வீட்லருந்தே கொண்டாந்திருக்கலாமே."

"கரப்பான் ஓடுச்சுன்னா உள்ள காத்து கீதுன்னு அர்த்தம். செத்துக் கெடந்தா எறங்கக் கூடாது. எங்க ஊர்ல அதான் மிஷினு."

சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "இத ஒனக்கு யாரு சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே."

வழிகாட்டியிடம், இந்த வேலையில் உங்களோடு இருந்த யாராவது செத்திருக்கிறார்களா என்று கேட்கச் சொன்னேன். ஐசக் கேட்க மாட்டேன் என்றான். கேட்கவைத்தேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். ஒருவர், என்றார். பெயரைச் சொன்னார். முப்பது வருடம் ஆகிறதாம். தேதியும் சொன்னார்.

கோதண்டம் மாமாவின் தேதி எனக்கும் தெரியும். பதினெட்டு. சனிக்கிழமை.

அக்டோபர் 11

ஒசாகா திரும்பினேன். அப்பா பேசினார். சாப்பாடு எப்படி, குளிர் இருக்கிறதா, தூக்கம் வருகிறதா.

"அம்மா காசிமேட்டுக்குப் போயி வஞ்சிரம் வாங்கியாந்தா. நீ இல்லன்னு பாதிய எல்லம்மா வூட்டுக்குக் குடுத்துட்டா."

"சரிப்பா."

"பேரு போட்டு போஸ்டர்லாம் அடிச்சிருக்காங்களா?"

"அடிச்சிருக்காங்கப்பா. ஸ்டேஷன்ல ஒட்டியிருக்கு."

"நம்ம பேரா?" என்றார். அப்புறம் இருமினார். எட்டு வருடமாக அதே இருமல்.

எதையும் கேட்கவில்லை நான். கேட்கும் நேரம் அது இல்லை.

அக்டோபர் 12

ஐசக் காவல் நிலையக் காகிதத்தை வரி வரியாக ஜப்பானிய மொழியில் எழுதிக்கொண்டிருந்தான். கடைசி வரியில் நின்றான். பென்சிலைக் கீழே வைத்தான்.

"ஏ பிள்ள. சாட்சி கையெழுத்து, 'பலராமன்'னு இருக்கு."

"அதுக்கின்னா?"

"ஒன் பாஸ்போர்ட்ல ஜான்சிராணி பலராமன்னு இருக்கு."

ஊரில் ஆயிரம் பலராமன் என்றேன். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நாசரேத்தில் வீட்டுக்குப் பின்னால் தானாகத் தண்ணீர் போகிறது என்று நினைத்தாயா, அந்தக் குழாயில் யார் இறங்கினார் என்று ஒருநாள் கேட்டாயா என்ற மாதிரி. அவன் எழுந்து போய் தேநீர் வாங்கி வந்தான்.

எழுதிவிடுகிறேன். எழுதினால் முடிந்தது.

உள்ளே மயங்கி விழுந்த தொழிலாளி அப்பா. கோதண்டம் மாமா மேலே வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு எதிர் பிளாக்கு. என்னைத் தோளில் உட்காரவைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போனவர். மேற்பார்வையாளன் இறங்காதே என்றான். அவர் இறங்கினார். கயிற்றை அப்பாவின் அக்குளுக்குக் கீழே கட்டினார். மேலே இழுத்தார்கள். கயிறு மறுபடி உள்ளே போனபோது அதைக் கட்டிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

மூன்றாவது நாள் மருத்துவமனையில் அப்பாவிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். குடித்திருந்தான், தவறி விழுந்தான். கையெழுத்துப் போட்டார். நுரையீரல் போன ஆளுக்குக் காவலாளி வேலை வாங்கித் தந்தவன் அதே ஒப்பந்தக்காரன்தான். மாமாவின் மனைவி எல்லம்மா அத்தைக்கு எதுவும் கிடைக்கவில்லை. குடிகாரனுக்கு எதற்கு இழப்பீடு? இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கழிவறை கழுவுகிறார்.

பதினாறு வயதில் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டதில் இது எனக்குத் தெரியும். எட்டு வருடம் ஒப்பந்தக்காரனைத் திட்டினேன், அரசாங்கத்தைத் திட்டினேன், சாதியைத் திட்டினேன். எல்லாம் சரியான திட்டுகள்தான். ஒருவரை மட்டும் திட்டவில்லை.

அக்டோபர் 13

அப்பாவிடம் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. ஏழாவது மூடி கோதண்டம் மாமாவுடையது, நடந்ததைச் சொல்ல ஆள் வேண்டும், சொல்வாயா என்றேன்.

யாருடைய காரோ கேட்டில் ஹாரன் அடித்தது.

"அந்தத் துணிய வுட்டுடும்மா. பத்து கீதுல்ல? பத்து போதாதா?"

"போதாதுப்பா."

"எனக்கு வேலை போய்டும். அத்த வுடு. போலீஸ்ல பொய் சொன்னேன்னு என்ன உள்ள வெப்பான். அதுவும் கெடக்கட்டும். எல்லம்மா மூஞ்சில எப்படிடீ முழிப்பேன்?"

"எட்டு வருஷமா முழிக்கிறியே!"

வைத்துவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது என்று எழுத வேண்டுமென்று தோன்றுகிறது. எழுதவில்லை.

அக்டோபர் 15

ஹொரிகவா இரண்டு வழி சொன்னார். ஏழாவதைப் பெயரும் இடமும் மட்டும் போட்டு, விளக்கம் இல்லாமல் மாட்டலாம். அல்லது எடுத்துவிடலாம். காகிதத்தில் இருப்பதைப் போட மாட்டார். அதுவரை பரவாயில்லை.

நான் மூன்றாவது வழி ஒன்று வைத்திருந்தேன். "நேரில் பார்த்தவர்: ஜான்சிராணி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். ஐசக் அதை மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தான். "சொல்லு" என்றேன்.

அவன் சொன்னதும் ஹொரிகவா காகிதத்தைப் பார்த்தார். நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூடிக்கு எந்தப் பக்கம் நின்னேன்னு கேக்காவ."

பேனாவைப் பைக்குள் வைத்தேன்.

"அப்போ மணி எத்தனைன்னு கேக்காவ."

ஜூன் பதினெட்டாம் தேதி சனிக்கிழமை எனக்குச் சிறப்பு வகுப்பு. வேதியியல். நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டு நீட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் இது இரண்டாவது தடவை. நல்ல காரியத்துக்கு என்றால் மட்டும் வேறாகிவிடுமா?

கிழித்துவிட்டேன். ஹொரிகவா துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். என் கையில் பூட் பாலிஷ் இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது. அதைத் துடைக்க ஈரத்துணி கொடுத்தார். தாய்மாதிரி என்றெல்லாம் எழுத மாட்டேன். பொறுப்பாளர். சுவரில் கறை படக்கூடாது அவருக்கு.

அக்டோபர் 16

காலை பத்தரை. ஏணி மேல் நின்று நான்காவது துணியை மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. வீடியோ. அங்கே மணி ஏழு.

அப்பா. பின்னால் தெரிந்த சுவர் எங்கள் வீட்டுச் சுவர் இல்லை. கோதண்டம் மாமாவின் படம் மாட்டிய சுவர். அப்பாவின் இடது கன்னம் வீங்கியிருந்தது.

"கன்னத்துல இன்னாப்பா?"

"எல்லம்மா செருப்பால அடிச்சா. அடிக்கட்டும். ராத்திரி பூரா கெடந்து யோசிச்சேன். விடிஞ்சதும் வந்து சொல்லிட்டேன். அவகிட்ட சொல்லாம உங்கிட்ட சொல்றது நாயமில்ல பாரு." மூச்சு வாங்கினார். "அந்த அம்மாவக் கூப்புடு. கேக்கச் சொல்லு."

ஹொரிகவா ஒலிப்பதிவுக் கருவியை மேஜையில் வைத்தார். ஐசக் தொண்டையைச் செருமிக்கொண்டான். கேள்விகள் ஆரம்பித்தன. அதிகாரிகள் கேட்கிற கேள்விகள் இல்லை. குழி எத்தனை அடி, எத்தனை படி, மூடியைத் தூக்கியது யார், தூக்கி எவ்வளவு நேரம் கழித்து இறங்கினீர்கள்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அப்படி அவரைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. "பதினாலு அடி. இரும்புப் படி பதினொண்ணு, அதுல ரெண்டு இத்துப்போச்சு. மேல ஒரு மூடி, கீழ ஒரு மூடி தொறந்துவெச்சு ரெண்டு மணி நேரம் வுடணும். அதான் மொறை. மேஸ்திரி அரை மணி நேரம்தான் வுட்டான். மந்திரி வர்றாரு, ரோட்ல குழிய மூடணும்னான். கரப்பான் ஒண்ணும் ஓடல. கோதண்டம் சொன்னான், வேணாம் பலராமான்னு. நான்தான் எறங்குனேன்."

நீங்கள் மயங்கியிருந்தால் அவர் கயிறு கட்டியது எப்படித் தெரியும் என்று கேட்டார் ஹொரிகவா. எனக்கே அவரை அறையவேண்டும் போல் இருந்தது. அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. நல்ல கேள்வி என்பது போலத் தலையாட்டினார்.

"கண்ணு தெரியல. காது கேட்டுச்சு. 'கையத் தூக்குடா பலராமா'ன்னான். அவன் கொரலு. அக்குளுக்குக் கீழ முடிச்சு போட்டான். அப்புறம் மேல வந்து விழுந்ததுதான் தெரியும். அவன் எப்படிப் போனான்னு நான் பாக்கல. பாக்காதத சொல்ல மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "இனிமே" என்றார்.

எல்லம்மா அத்தை திரைக்குள் வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைக்கவில்லை. அழுது முடித்த முகம் இல்லை, அழாத முகம்.

"ஜான்சி, அந்தம்மா கிட்ட நான் சொல்றதையும் எழுதிக்கச் சொல்லு. அவரு குடிப்பாரு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்குக் காலைல குடிக்கல. என் கையால டீ குடிச்சிட்டுப் போனாரு. எட்டு வருஷமா என் புள்ளைங்கள குடிகாரன் புள்ளைங்கன்னானுங்க. இந்தாளோட இனிமே எனக்குப் பேச்சில்ல. எழுது."

ஐசக் இதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தான். ஹொரிகவா எழுந்து நின்று, மேஜையில் சாய்த்து வைத்திருந்த கைபேசியின் முன் இடுப்பு வளைய வணங்கினார். அந்தப் பக்கம் அப்பாவும் எழுந்துவிட்டார். திரையில் அவர் சட்டைப் பித்தான் மட்டும் தெரிந்தது.

"இன்னாத்துக்கு இந்தம்மா குனியிறாங்க?" என்று கேட்டது எல்லம்மா அத்தையின் குரல்.

"மரியாதை அத்த."

"யாருக்கு?"

"மாமாவுக்கு."

அக்டோபர் 17

அட்டைகள் அச்சுக்குப் போயின. பதினொன்றும்.

ஏழாவதை இறுதி செய்யும்போது ஹொரிகவா ஒரு கேள்வி கேட்டார். சாட்சிக்கும் கலைஞருக்கும் உறவு இருந்தால் அதையும் போட வேண்டுமாம், பார்க்கிறவர் எடைபோட்டுக்கொள்ள. விருப்பம் இல்லையென்றால் பேசலாம் என்றார்.

போடுங்கள் என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அக்டோபர் 19

திறப்பு. நூற்றுக்கும் மேல் வந்தார்கள். முதல் மண்டபத்தில் சிரிப்பு, படம் பிடிப்பு, பிஸ்கட். கடைசி மண்டபத்துக்குள் வந்ததும் கைபேசிகளைத் தாழ்த்திக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே. ஒரு கிழவர் பதினோரு அட்டையும் வாய்விட்டுப் படித்தார். தவறான உச்சரிப்பில் கோதண்டம் என்று ஜப்பானியக் குரல் ஒன்று சொன்னதைக் கேட்டேன்.

அட்டையை இங்கே எழுதி வைக்கிறேன்.

"மூடி 7. சென்னை, கொடுங்கையூர். காடாத்துணியில் பூட் பாலிஷ். பதினான்கு அடி ஆழத்தில் மயங்கிக் கிடந்த சக தொழிலாளியின் உடலில் கயிற்றைக் கட்டி மேலே அனுப்பியவர் கோதண்டம். அவர் திரும்பி வரவில்லை. அன்று அவர் குடித்திருக்கவில்லை. பலராமன் சாட்சிக் கையெழுத்திட்ட காவல் நிலைய ஆவணம் வேறுவிதமாகச் சொல்கிறது. இந்த விளக்கத்தைச் சொன்னவர்கள்: காப்பாற்றப்பட்ட பலராமன் (கலைஞரின் தந்தை), எல்லம்மா (கோதண்டத்தின் மனைவி)."

ஊரில் வேலைக்கான படிவங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் எப்போதும் "தனியார்" என்று எழுதுவேன். ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு சுவரில், இரண்டு மொழியில், அப்பா என்ன வேலை செய்தார், என்ன தவறு செய்தார், யாரால் உயிரோடு இருக்கிறார் எல்லாம் இருக்கிறது. அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டேன். ஐசக்தான் எடுத்தான்.

"சிரி பிள்ள கொஞ்சம்."

"சிரிக்க மாட்டேன். எடு."

"சரி, மொறைச்சிக்கிட்டே நில்லு. அதுதான் ஒனக்கு நல்லாருக்கு."

படத்தில் முறைக்கவில்லை. என்னவோ, நிமிர்ந்து நிற்கிறேன்.

அக்டோபர் 21

திங்கள். விடுமுறை. துணி காயவில்லை, வெளியே மழை.

அப்பா பிற்பகல் பேசினார். காவலாளி வேலை போய்விட்டது. அட்டையின் படத்தை நேற்று ஐசக் எங்கோ போட, அது சுற்றிச் சுற்றி ஒப்பந்தக்காரன் கைபேசிக்கே போயிருக்கிறது. சீருடையைத் துவைத்துக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்களாம். துவைக்காமல் கொடுத்துவிட்டு வந்தாராம்.

"இப்ப எங்கப்பா இருக்க? ஒரே சத்தமா கீது."

"டேசன்ல. வாக்குமூலத்த மாத்தி எழுதிக்கோன்னு சொல்லிட்டு உக்காந்துனு கீறோம்."

"உன்ன உள்ள வெச்சிட்டா?"

"வெச்சா வெக்கட்டும். அதுக்கும் சேத்துதான் சொல்லியிருக்கேன்."

"யாருப்பா கூட?"

"எல்லம்மா. எங்கூட பேச மாட்டா. அந்தப் பக்கம் பெஞ்சில உக்காந்திருக்கா. காலைல பத்து மணிக்கு வந்தது. அய்யா வெளிய போயிருக்காரு, நாளைக்கு வாங்கன்னு ரெண்டு தடவ வந்து சொல்லிட்டானுங்க."

"நீ இன்னா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவதான் சொன்னா." அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதில் சிரிப்பு இருந்தது. எட்டு வருடத்தில் நான் கேட்காத சிரிப்பு. "நீ எழுதிக்கிற வரைக்கும் நாங்க எந்திரிக்கிறதா இல்ல, போய் வேற வேல இருந்தா பாருன்னுட்டா."